சறுக்கல் கணக்கு

ஏழு வருஷமாய் நாங்கள் நடத்தின கூட்டம்:
"பனிக்காலத்தில் விழாமல் நடப்பது எப்படி?"
வின்னிபெக், மேப்பிள்ஸ் சமூகக்கூடம்,
நவம்பர் முதல் ஞாயிறு.
டொக்டர் தர்மகுலசிங்கம் பேசுவார்.
பிறகு இடியப்பம், சொதி, கைதட்டல்.
வெளியே கார்களுக்கு நடுவிலேயே யாராவது சறுக்குவார்.
அதையும் சிரித்துக் கடப்போம்.

எட்டாம் வருஷம் புவனலோஜினி எழுந்தாள்.
ஆஸ்பத்திரியில் இரத்தக் குப்பிகளுக்கு இலக்கம் ஒட்டுகிறவள்,
அதிகம் பேசாதவள்.
"போன மாரிக்கு எத்தினை பேர் விழுந்தவை?"

"நிறைய" என்றார் ஒருவர்.
"முந்தி மாதிரி இல்லை" என்றார் செயலாளர்.
"ஆர் எண்ணினது?"

நான் பொருளாளர்.
இடியப்பத்துக்கு என்ன செலவென்று
சதம் வரை தெரியும் எனக்கு.
விழுந்தவர்களைத் தெரியாது.

சப்பாத்தின் அடியில் மாட்டும் இரும்புப் பற்களைப் பற்றி
ஏதோ ஓர் ஆய்வை வாசித்திருந்தாள்.
"அது வேறை ஊர், வேறை ஆக்கள்.
எங்கட சனத்துக்குச் சரிவருமோ தெரியாது. பாப்பம்."

கூட்டத்துக்கான காசில் முப்பது சோடி வாங்கலாம்.
அறுபது வயதைத் தாண்டியவர்கள் அறுபத்தொரு பேர்.
யாருக்குக் கொடுப்பது?
தலைவரிடம் ஒரு பட்டியல் இருந்தது.
டொக்டரிடம் ஒன்று.
என்னிடமும் ஒன்று, மறைப்பானேன்:
முதற்பெயர் என் அண்ணை கனகலிங்கம்.

அவள் கோயிலில் ஒரு பித்தளைக் குடம் இரவல் வாங்கி வந்தாள்.
"சோழர் காலத்தில சபைக்கு ஆள் எடுத்தது
இப்பிடித்தானே, ஓலை போட்டு.
ஆர் வேண்டினவை, ஆர் வேண்டாதவை எண்டு
குடத்துக்குத் தெரியாது."
அந்தக் காலத்தில் சிறுபிள்ளையை எடுக்க விடுவார்களாம்.
எங்கள் பிள்ளைகள் ஹொக்கிக்குப் போயிருந்தார்கள்.
என் கையை விட்டேன்.

முப்பது சீட்டு எடுத்தேன்.
அண்ணை குடத்துக்குள்ளேயே இருந்தார்.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அறுபத்தொரு தொலைபேசி.
"இந்தக் கிழமை விழுந்தனீங்களோ?"
விழுந்ததை
கடன் வாங்கினதை ஒளிப்பதுபோல் ஒளிக்கிறார்கள் மனிதர்.
மனைவிமார்தான் பின்னாலிருந்து கத்துவார்கள்:
"வியாழக்கிழமை! படியில!"

ஜனவரியில், சைபருக்குக் கீழே முப்பத்தொன்றில்,
குப்பைத் தொட்டியை வீதிக்கு இழுத்துப் போன அண்ணை
மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

அன்றிரவே அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன்.
என்ன கேட்டேன் என்பதை இங்கே எழுத மாட்டேன்.
கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:
"ஏழு வருஷமா அறுபத்தொரு பேருமே
குடத்துக்குள்ளதானே கிடந்தவை.
அப்ப ஒருத்தரும் வந்து கதவு தட்டேல்லை."
கொஞ்சம் பொறுத்து,
"எந்தக் கை?" என்று கேட்டுக் குறித்தாள்.
ஐந்தெழுத்தை எழுத அவளுக்கு நெடுநேரம் எடுத்தது.

ஏப்ரலில் பனி வடிந்து
வீதியோரத்து மணல் தெரிந்தபோது கூட்டினோம்.
பற்கள் மாட்டியவர்களில் நான்கு பேர் விழுந்திருந்தார்கள்,
மாட்டாதவர்களில் பதின்மூன்று.
கைதட்டினோம். அவள் தட்டவில்லை.
"சின்னத் தொகை. அதிர்ஷ்டமும் கலந்திருக்கும்.
அந்த நாலு பேரில ரெண்டு பேர்
கடைத்தொகுதிக்குள்ள, மாபிள் தரையில விழுந்தவை.
உள்ளுக்குப் போகேக்க கழட்டச் சொல்ல
நாங்கள் மறந்துபோனம்.
அது எங்கட பிழை."

இந்த நவம்பரில் பேச்சு இல்லை.
அறுபத்தொரு சோடி, தேத்தண்ணி,
ஒவ்வொரு பெட்டியிலும் பெரிய எழுத்தில் ஒரு வரி:
வாசலில் கழற்றவும்.
டொக்டர் வரவில்லை. கோபம் என்று கேள்வி.

நேற்றுப் பின்னேரம் என் வீட்டுப் படியில்
கறுக் கறுக்கென்று இரும்பு பனியைக் கடிக்கும் சத்தம்.
அண்ணை வாசலில் நின்று
சரியாகப் பொருந்தாத அந்தக் கையால்
பற்களை ஒவ்வொன்றாய்க் கழற்றுகிறார்.
நான் உதவக் குனிந்தேன்.

"விடு" என்றார்.
"நான் விழேல்லை. அதை முதல் எழுது."